மூக்கும் காதும் இல்லாத ஊர்

அன்பு மகள் ஆ-லானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தப் பனி ஊரில் சளி இருமல் அண்டாமல் இருக்கக் கடலம்மன் உன் கூடவே நிற்கட்டும். போனை எடுத்தால் முகம் பார்த்துப் பேசலாமே, இவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், உன் அப்பா பக்கத்திலிருந்து “போதும் வை, புள்ள வேலைக்குப் போகணும்” என்பார், உன் தங்கை கதவோரம் நின்று என் வாயையே பார்ப்பாள். அதனால் பார்சலோடு சேர்த்து எழுதி அனுப்புகிறேன். பிரித்ததும் தின்பண்டத்தில் கை வைக்காமல் முதலில் இதைப் படி.

முதலில் ஊர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வாய் வராது. அப்பாவுக்கு முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது, வைத்தியர் சிப்பி எடுக்கத் தெப்பத்தில் ஏறாதே என்றார், இவர் வைத்தியரிடம் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே ஏறிவிட்டார். இந்த வருஷம் சிப்பி பரவாயில்லை, சதை பிடித்திருக்கிறது. மீன் கடை சியூ-கிம் தன் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு நம் கொட்டகைக்கே வந்து உட்கார்ந்து சிப்பி உடைக்கிறாள், கை ஒன்று உடைத்தால் வாய் பத்து உடைக்கிறது. நீ அங்கே ஈரத் தலையோடு படுக்காதே. நீ வேலை பார்க்கிற பொய்ப்பல் செய்கிற இடத்தில் அந்த மாவுத் தூள் மூக்கில் ஏறும் என்றாயே, முகமூடி போடாமல் வேலை செய்யாதே. சரி, இனிமேல் சுற்றி வளைக்க முடியாது. உன் தங்கை ஆ-நிங் பேச்சை நிறுத்திவிட்டாள். புது வருஷத்துக்குப் பிறகு, பின்னால் சொல்லப்போகிற ஒரே ஒரு பேச்சைத் தவிர, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தூங்குகிறாள், குளிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று இத்தனை நாள் உன்னிடம் சொன்னதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

அவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று உனக்கே தெரியும், நீதானே இடுப்பில் சுமந்தாய். முப்பத்தொன்பது வயதில் நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ஊரே “மகளுக்குப் பொறக்க வேண்டியத அம்மா பெத்துக்கப் போறா” என்று விழுந்து விழுந்து சிரித்தது. பிறந்தவளோ தட்டு விழுந்தால்கூட வீறிட்டு அழுதாள். மாதம் தவறாமல் ஏதாவது ஒரு சாமி புறப்பட்டு, தெரு முழுக்கப் பட்டாசு வெடிக்கிற ஊரில், பட்டாசுச் சத்தம் தாங்காத ஒரு பிள்ளை. பையன்கள் அவள் பின்னால் போய் “டமார்” என்று கத்துவார்கள், அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. உனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? சிப்பி தின்கிற, சிப்பி உடைக்கிற, சிப்பி நாறுகிற ஊரில் பிறந்து, அந்த வாடைக்கே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தாய். மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். “மூக்கு ராணி வர்றா, வழி விடுங்கடா” என்று அவர்கள் கேலி செய்ததை நான் கொட்டகையில் இருந்தே கேட்டிருக்கிறேன். ஏழு வயதில் என்னிடம் வந்து “அம்மா, நெசத்தச் சொல்லு, என்னை எந்த ஊர்லேருந்து தூக்கிட்டு வந்தீங்க? அங்கயே கொண்டு போய் விட்டுடுங்க” என்று கேட்டாய். நான் சிரித்தேன், வேறு என்ன செய்வது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற சிப்பி ஓட்டு மேட்டில் போய் உட்கார ஆரம்பித்தாய். அங்கே ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊர் ஜனங்களுக்கு மூக்கே கிடையாது, அதனால் யாருக்கும் எந்த வாடையும் தெரியாது, யாரும் யாரையும் கேலி செய்ய மாட்டார்கள் என்று சொன்னாய். வெறும் சிப்பி ஓட்டை அடுக்கி வீதி, கோயில், பாலம் எல்லாம் கட்டினாய். பொழுது சாய்ந்தால்தான் வீட்டுக்கு வருவாய், கூப்பிட்டால் காதில் விழாது. பத்து பதினோரு வயதில் ஒருநாள் நீயாகவே அந்தத் துணிக் கிளிப்பைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு வந்து சோறு போடச் சொன்னாய். எப்படி வந்தாய், ஏன் வந்தாய், எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டு வந்தவள் இல்லை நீ. தங்கை பிறந்து அவள் காதைப் பொத்த ஆரம்பித்ததும், அத்தனை பெரியவளான நீ, அந்தப் பழைய ஊரைத் தூசி தட்டி எடுத்து, அவளுக்காக அந்த ஜனங்களின் காதையும் கழற்றிவிட்டாய். காது இல்லாத ஊரில் பேச்சு எதற்கு, எல்லாம் கையால்தான் என்று இரண்டு பேரும் விரலை ஆட்டி ஆட்டிச் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது விளையாட்டு என்றுதான் நானும் உன் அப்பாவும் நினைத்தோம்.

நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் அவள் உன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ குனிந்து அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. “அக்கா வேற எங்கயும் போகலடி, நம்ம ஊருக்குத்தான் போறேன். ரொம்பத் தேடுச்சுன்னா நீயும் அங்க வா” என்றாய். அவள் உடனே காலை விட்டுவிட்டாள். பஸ்ஸும் போய்விட்டது. நல்ல சமாளிப்பு என்று நானும் மெச்சிக்கொண்டேன். உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு, அழுகிற பிள்ளையிடம் யாரும் சொல்வதைத்தான் நீயும் சொன்னாய்.

இந்தப் புது வருஷத்துக்கு நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். குடியேற்றக் காகிதம் கைக்கு வருகிறவரை நாட்டை விட்டு நகரக் கூடாது என்று பிறகு சொன்னாய், அது எங்களுக்குப் புரிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் காகிதம் புரியுமா? வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் பெரிய விருந்து அன்று உனக்கும் கிண்ணம் வைத்தாள், பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் போய் வந்தாள். வெளியே பட்டாசு வெடிக்க வெடிக்கக் காதைப் பொத்திக்கொண்டு நின்றாளே தவிர உள்ளே வரவில்லை. கடைசி பஸ்ஸும் வந்து போனது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள், அவ்வளவுதான், அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. கோபம், இரண்டு நாளில் தணியும் என்று விட்டேன். அது கோபமே இல்லை என்று எனக்குப் புரிய இத்தனை நாள் ஆனது.

அவளுடைய கோங் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பெண்தான், கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். “ஆ-நிங் அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் திட்டியும் பாத்துட்டேன், கொஞ்சியும் பாத்துட்டேன். புள்ள இங்க உக்காந்திருக்கா, ஆனா இங்க இல்ல” என்றார். கோடை லீவுக்குள் அவள் வகுப்பில் பேசாவிட்டால், டவுனில் இருக்கிற, குறையுள்ள பிள்ளைகள் படிக்கிற தனிப் பள்ளிக்கு மாற்றச் சொல்லி மேலே எழுத வேண்டியிருக்குமாம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டும். ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில், அத்தனை பிள்ளைகள், அத்தனை சத்தம். தட்டு விழுந்தால் நடுங்குகிறவளை அங்கே கொண்டு போய் விட்டால் அவள் இன்னும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாளா? உன் அப்பா கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார், பிள்ளை பேசுவாளா என்று பிறைக்கட்டை போட்டுக் கேட்டிருக்கிறார். மூன்று தரமும் இரண்டு கட்டையும் மல்லாந்தே விழுந்ததாம், ஒன்று குப்புற விழுந்தால்தானே ஆமாம் என்று அர்த்தம். திரும்பி வந்து, “சிரிக்கிறாடி அம்மன். என் பொழப்பு அவளுக்குச் சிரிப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

போன வாரம் அம்மன் புறப்பாடு. பல்லக்கு நம் தெருவுக்குள் நுழையும் முன்பே சரம் சரமாக வெடித்தார்கள். திரும்பிப் பார்க்கிறேன், ஆ-நிங்கைக் காணோம். பல்லக்கு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் ஓடுகிறேன், சியூ-கிம் “சாமி வர்ற நேரத்துல குறுக்க ஓடாதடி” என்று கத்துகிறாள். கடைசியில் ஓட்டு மேட்டுக்குப் பின்னால் கிழிந்த கூடை ஒன்றுக்குள் சுருண்டு கிடந்தாள். நான் வேலைக்குக் கட்டுகிற பூப்போட்ட துணியை எடுத்து மூக்கு, காது எல்லாம் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய இருந்தாள். ஓடு கிழித்து முழங்கையெல்லாம் ரத்தம், அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பட்டாசுக்குப் பயந்து காதைக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன், மூக்கை ஏன் கட்டினாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பயத்தில் பிள்ளையின் உயிர் எங்கேயோ போய் நிற்கிறது, கூப்பிட்டு வைத்தால் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் காலை உயிரைக் கூப்பிட்டு வைக்கிற, கோயிலுக்குப் பின் வீட்டு ஆ-சூன் அக்காவிடம் போனேன். பிள்ளை ரொம்ப உடுத்தின சட்டை கொண்டு வா என்று அவள் சொல்லியிருந்தாள். அவசரத்தில் கொடியில் இருந்த மஞ்சள் சட்டையை உருவிக்கொண்டு ஓடினேன், தினமும் அதைத்தானே மாட்டிக்கொள்கிறாள். ஆ-சூன் அக்கா ஒரு கிண்ணம் அரிசியைச் சட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஊதுபத்தியை ஆட்டி ஆட்டி, பெயர், பிறந்த நாள், தெரு, வீட்டு எண் எல்லாம் சொல்லி, வா, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். பிறகு அரிசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “புள்ள ரொம்பத் தூரத்துல இருக்கா. குளிர்ற எடமா தெரியுது” என்றாள். நான் “என்னக்கா, இந்த வேக்காட்டுல எங்க குளிருது?” என்றேன். “அரிசி சொல்றத நான் சொல்றேன். ஆனா கூப்பிட்டது கேட்டுருச்சு, திரும்பிப் பாத்துட்டா” என்று சட்டையை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஆ-நிங்குக்கு அதை மாட்டிவிடும்போதுதான் காலர் உள்ளே பார்த்தேன். சிவப்பு நூலில் உன் பெயர். நீ இரண்டாம் வகுப்புக்குப் போகும்போது நான் தைத்தது. உன் சட்டை ஆ-லான், உன்னிடமிருந்து அவளுக்கு வந்த சட்டை. வாயில் அவள் பெயர், கையில் உன் சட்டை. அப்பாவிடம் சொன்னேன், “ஆளு மாறிப் போறதுக்கு இது என்ன தபாலா?” என்று என்னையே கேலி செய்தார்.

மறுநாள் காலை நீ கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அம்மா, ஒண்ணுமில்ல, வேலை செய்யிற எடத்துல திடீர்னு சிப்பி வாடை வந்துச்சும்மா. சுத்திமுத்திப் பாத்தா ஒண்ணுமில்ல. எனக்குக் கொமட்டவே இல்ல, அழுகைதான் வந்துச்சு, வீட்டுக்கு வரணும்போல இருந்துச்சு” என்றாய். கடலே இல்லாத ஊரில் உனக்குச் சிப்பி வாடை. அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். கூப்பிட்டது ஒருத்தியை, திரும்பிப் பார்த்தது இன்னொருத்தி. அந்தப் பதற்றத்தில்தான் ஆ-நிங்கை இழுத்து வந்து போன் முன்னால் நிறுத்தினேன். அவள் உன்னைப் பார்த்தாள். விரலை நீட்டி, போன் கண்ணாடியில் உன் மூக்கின் மேல் வைத்துத் துடைத்தாள், அழுக்கைத் துடைப்பது போல. உடனே படம் போய்விட்டது, நெட் சரியில்லை என்று பிறகு உனக்குச் செய்தி அனுப்பினேன் இல்லையா? நெட் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அணைத்தேன். ஏனென்றால் அவள் வாயைத் திறந்துவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பேசின பேச்சு அது. “இது அக்கா இல்ல. இதுக்கு மூக்கு இருக்கு, காது இருக்கு” என்றாள். அது உன் காதில் விழக்கூடாது என்று அணைத்தேன், இப்போது நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா கண்ணு? வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நீ, போனில் தெரிகிற நீ, அவளுக்குப் பொய் அக்கா. நிஜ அக்கா, பஸ் ஏறும்போது சொன்ன அந்த ஊரில்தான் இருக்கிறாள். அவளைத் தேடிக்கொண்டுதான் இவள் போய்விட்டாள். அங்கே யாருக்கும் காது இல்லை, அதனால் பேசவில்லை. எங்கள் மேல் கோபமும் இல்லை, நோயும் இல்லை, பேயும் இல்லை. உனக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். நீயோ எப்போதோ அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டாய். ஆ-சூன் அக்காவிடம் ஓடிப் போய் வேறு சட்டையில் மறுபடி கூப்பிடச் சொன்னேன். “ஒருத்திய எழுப்பிவிட்டுட்டு அவசரத்துல இன்னொருத்தியவும் கூப்பிடவா? சட்டையப் பாத்து எடுத்துட்டு வர வேண்டாமாடி?” என்று திட்டி அனுப்பிவிட்டாள். கோங் டீச்சரிடம் போய் என்ன சொல்வேன், என் பிள்ளை மூக்கில்லாதவர்கள் ஊரில் இருக்கிறாள் என்றா? என்னையும் சேர்த்து அந்தத் தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முந்தாநாள் கொட்டகையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் பூத்துணியை மூக்கு, காது மூடிக் கட்டி, கண் மட்டும் வெளியே. ஆ-நிங் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலையை என் தொடையில் சாய்த்துக்கொண்டாள். வேலை முடிந்து துணியை அவிழ்த்தேன், எழுந்து போய்விட்டாள். சந்தேகப்பட்டு மறுபடி கட்டினேன், வந்தாள். அவிழ்த்தேன், போனாள். பார்த்துக்கொண்டிருந்த சியூ-கிம்மே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள். அன்றிலிருந்து நான் வீட்டிலும் துணியை அவிழ்ப்பதில்லை, சமைப்பதும் பரிமாறுவதும் அதோடுதான், அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் அவிழ்த்துச் சாப்பிடுகிறேன். உன் அப்பா முதலில் “வீட்டுக்குள்ள எதுக்குடி கொள்ளைக்காரி மாதிரி?” என்றார். நேற்று அவரே ஒரு துண்டை எடுத்து மூக்கையும் காதையும் கட்டிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், யாராவது எட்டிப் பார்த்திருந்தால் ஊர் முழுக்கச் சிரித்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் துணி மறைத்துக்கொண்டது.

ஆனால் அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. அவள் என் எதிரே வந்து நிற்கிறாள். கையை என் கன்னத்துத் துணிமேல் வைக்கிறாள். பிறகு இரண்டு விரலால் தன் உள்ளங்கையில் நடந்து காட்டிவிட்டு, கையை மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். ஏதோ கேட்கிறாள் ஆ-லான், கேள்விதான் அது, கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. ஆமாம் என்று தலையாட்டினேன், முகம் வாடிவிட்டது. இல்லை என்று ஆட்டினேன், அதற்கும் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓட்டு மேட்டுக்குப் போய்விடுகிறாள். வா என்கிறாளா, போகட்டுமா என்கிறாளா, அக்கா எங்கே என்கிறாளா, பெற்றவளுக்குத் தெரியவில்லை. கொட்டகையில் நீங்கள் இரண்டு பேரும் விரலாட்டிச் சிரித்தபோது நான் தலையைக் குனிந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன், ஒரு சைகைகூடத் தெரிந்துகொள்ளவில்லை.

உன்னை வா என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. காகிதம் கிடைக்கும் நேரத்தில் நகர்ந்தால் இத்தனை வருஷமும் வீண் என்று நீ சொல்லியிருக்கிறாய், அப்பாவும் அதை எழுதவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் பார்சலில் என் துணியையே வைத்திருக்கிறேன், அடியில் பார், துவைத்ததுதான், ஆனாலும் வாடை இருக்கும், பொறுத்துக்கொள். இது கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலம் ஆகும் நேரத்தில் போன் போடு. மூக்கையும் காதையும் நன்றாக மூடிக் கட்டிக்கொள். பேசாதே, கையால் மட்டும் சொல். எடுத்ததும் வா வா என்று இழுக்காதே, கொஞ்ச நேரம் அவளோடு அங்கேயே இரு. நீ ஒருநாள் எந்த வழியாக வெளியே வந்தாயோ, அந்த வழியை அவளுக்குக் காட்டு. அவள் உன்னை நம்பிவிட்டாள் என்று தெரிந்த பிறகு, மெல்ல, அவள் பார்க்கப் பார்க்கத் துணியை அவிழ். மூக்கு இருக்கிறவளும் அக்காதான் என்று அவள் பார்க்கட்டும். கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் கேட்காதே, எனக்குத் தெரியாது.

நீ நீண்ட ஆயுசோடு, நல்ல பெயரோடு, போகிற இடமெல்லாம் மனுஷர் துணையோடு இருக்க வேண்டும். அன்னாசிப் பண்டம் இரண்டு டப்பா வைத்திருக்கிறேன், ஒன்றை உன் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடு, தனியாகவே தின்று தீர்க்காதே. குளிரில் காது மூடிக்கொண்டு போ. அந்த விரல் நடப்பதற்கு என்ன அர்த்தம், அதற்கு நான் எந்தக் கையை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் உடனே செய்தியில் எழுது. இதை எழுதும்போதே அவள் மறுபடி வந்து என் எதிரே நிற்கிறாள், கேட்டுவிட்டாள், பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
மூக்கையும் காதையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா